மறுசொல் கேளாத அண்ணைக்கு

என் அன்பு அண்ணைக்கு,

வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருடம். மாதா கோயிலில் நினைவுப் பூசை இருக்கிறது, அன்றைக்குக் கொடுக்க நினைவு மலர் ஒன்றும் அடிக்கிறார்கள். அதில் 'தொழில் செய்வோர் அவரிடம் கற்க வேண்டிய தலைமைத்துவப் பாடங்கள்' என்று ஒரு கட்டுரை எழுதித் தரச்சொல்லி என்னைக் கேட்டார்கள். கூடப் பிறந்தவள், பதினாறு வருடம் கூட வேலை செய்தவள், உன்னைவிட்டால் யார் எழுதுவது என்றார்கள். எழுதுகிறேன். உங்களுக்கே எழுதுகிறேன், மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

செத்தவீட்டில் சனம் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. "அண்ணை ஒரு சொல் சொன்னா அங்கை மறுசொல் இல்லை" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். பொய் இல்லையே. மறுசொல் இல்லாதபடியால்தான் ஐம்பத்தாறு வயதில் பெட்டிக்குள் கிடந்தீர்கள்.

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பழைய தையற்கடையை எடுத்து, ரோல்ஸ், பற்றீஸ் என்று இறைச்சி வைத்த பலகாரங்கள் செய்து கடைகளுக்குப் போடும் குசினி ஆக்கினீர்கள். உழைப்பில் உங்களை ஒருவரும் குறை சொல்ல முடியாது. பிறகு எங்கிருந்தோ அந்தத் தலைமைத்துவப் பைத்தியம் பிடித்தது. காலை ஏழு மணிக்கு எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் பிரசங்கம். "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம். தலைவன் களைப்பைக் காட்டக் கூடாது. தொண்டன் முகத்தைச் சுழிக்கக் கூடாது." ஞாயிறு பூசை முடிய, கோயில் மண்டபத்தில் இளம் முதலாளிமாருக்கும் இதே பாட்டு. அவர்கள் கொப்பி வைத்து எழுதினார்கள், பாவங்கள்.

சேவியர் அண்ணையை நினைவிருக்கிறதா? மன்னார்க்காரர், முதல் நாளிலிருந்து உங்களோடு நின்ற மனிதர். லவாலில் கடை திறக்கப் போகிறேன் என்று நீங்கள் சொன்ன காலை, "அண்ணை, அங்கை எங்கட சனம் குறைவு. ஒரு வருசம் பொறுத்துப் பாப்பமே" என்று அவர்தான் சொன்னார். அடுத்த நாள் முதல் ஒரு மாதம் அவரைத் தட்டுக் கழுவ விட்டீர்கள். கடை ஐந்தாம் மாதம் மூடிற்று. அவர் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவில்லை.

கொப்பி வைத்து எழுதியவர்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் வாய் திறக்கிறவனை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு வணக்கம் வரும், உண்மை வராது. உங்களிடம் கடைசியாக 'அது பிழை' என்று சொன்னவர் யார்? அவர் இப்போது உங்களிடம் வேலையில் இருக்கிறாரா?

இனி, அண்ணை, நீங்கள் போன அந்தக் காலையைச் சொல்ல வேண்டும். கலியாண வீடு ஒன்றுக்கு ரோல்ஸ் உருட்டிக்கொண்டு நின்றோம். நீங்கள் குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் எண்ணெய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தீர்கள். வெளியே மைனஸ் இருபது, உங்கள் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. முகம் சாம்பல். எல்லோரும் கண்டோம் அண்ணை. ஏழு சோடிக் கண்கள் கண்டு, திரும்ப மாவைப் பார்த்தன.

பவித்ராதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சென்னைப் பிள்ளை, இங்கே பல்கலைக்கழகத்தில் படித்தபடி எங்களிடம் பகுதிநேரம் செய்தவள். "சார், உங்களுக்கு ரொம்ப வேர்க்குது. நான் 911-க்கு போன் பண்றேன்" என்றாள். "நீ என்ன டொக்டரோ? எனக்கு ஒண்டுமில்லை" என்றீர்கள். அவள் என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உங்களுக்குக் கேட்டிருக்கும், ஆனாலும் மற்றவர்கள் அறியட்டும். "பிள்ளை, வேலைக்கு வந்தனி, வேலையைப் பார். இது எங்கட குடும்ப விசயம்" என்றேன். தினம் தினம் குடும்பம் குடும்பம் என்று ஓதினோமே, அன்றைக்கு அந்தக் குசினியில் குடும்பத்து ஆளாக நடந்தவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் வெளியாள் ஆக்கினேன்.

நாற்பது நிமிடம் அப்படியே போயிற்று. நடுவில் ஒருமுறை நாங்கள் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றபோது, "ஏன் கை நிக்குது?" என்று கேட்டீர்கள். நீங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். கைகள் உடனே ஓடத் தொடங்கின. எப்பேர்ப்பட்ட தலைவர்!

நீங்கள் சரிந்த பிறகு அவள் யாரையும் கேட்காமல் போன் அடித்தாள். அம்புலன்ஸ்காரர் எவ்வளவு நேரமாக இப்படி இருந்தார் என்று பிரெஞ்சில் கேட்டார். இப்போதுதான் என்றேன். பவித்ரா என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். செத்தவீட்டுக்கு வந்தாள், வேலைக்குத் திரும்ப வரவில்லை. அந்த 'இப்போதுதான்' என்ற சொல்லைத்தான் நான் அண்ணிக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ அதைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி நடக்கிறா. "ஒரு நிமிசத்திலை போயிட்டார், ஒரு நோவும் அறியேல்லை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறா.

இப்போது குசினி என் கையில். உங்கள் கதிரையில் இருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. என் குறைகளைச் சொல்லுங்கோ என்று கூட்டம் வைத்துக் கேட்டேன். "எல்லாம் நல்லாப் போகுது அக்கா" என்றார்கள். போன மாதம் உப்புப் போட மறந்து, ரோல்ஸுக்குள் வைக்க ஒரு சட்டி இறைச்சிக்கறி குழைத்துவிட்டேன். அத்தனை பேரும் ருசி பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் மூச்சு விடவில்லை. கடைக்காரர் பெட்டியோடு திருப்பி அனுப்பினார். சேவியர் அண்ணையைக் கேட்டால், "நீங்கள் குழைச்சதெண்டா சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சம்" என்கிறார். அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. என்னைப் பார்க்கவும்தான்.

அதனால்தான் பவித்ராவைத் தேடிப் போனேன். லொங்குய்யில் ஒரு கணினிக் கம்பனியில் வேலை செய்கிறாள். மெற்றோவுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் இருந்தோம். திரும்பி வா, எனக்குப் பிழையைப் பிழை என்று சொல்ல ஒரு ஆள் வேணும் என்றேன். சிரித்தாள். "அதுக்கு ஆள் வச்சா சரியாப் போயிடுமா அக்கா?"

பிறகு நான் உங்கள் மேல் பழியைப் போடத் தொடங்கினேன். அவருடைய குணம் உனக்குத் தெரியும்தானே, அவர் சொன்னால் யார் மீறுவது என்றேன். அவள் கோப்பியைக் கீழே வைத்தாள். "சார் மேல எனக்குக் கோபமே இல்ல. அவருக்கு உடம்பு முடியல, முடியாதவங்க அப்படித்தான் சொல்வாங்க. நீங்க நல்லாத்தானே இருந்தீங்க?"

அண்ணை, இத்தனை மாதமாக உங்களைத் திட்டித் திட்டித்தான் நித்திரை கொண்டேன். இந்தக் கடிதத்தின் முதற்பாதியையும் அந்த வீம்பில்தான் எழுதினேன். அவள் ஒரு வசனத்தில் உங்களை விட்டுவிட்டாள். என்னை விடவில்லை.

"அவங்க வைஃபுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ என்கிட்ட வந்து என்ன பிரயோசனம்?" என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, "குளிருது, கவனமாப் போங்க" என்றாள். அந்தக் கரிசனத்தையும் தாங்க முடியவில்லை.

உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பீர்களா? டொக்டர்மாரிடம் கேட்கலாம். உண்மையான நேரத்தைச் சொன்னால்தானே கேட்க முடியும்?

இந்த ஞாயிறு பூசை முடிய இல்-பிசாருக்கு, அண்ணி வீட்டுக்குப் போகிறேன். நினைவு மலர்க்காரரிடம் இதைக் கொடுப்பதற்கு முன் அண்ணிக்கு என் வாயால் சொல்லிவிட வேண்டும். வீட்டுக் கதவு எனக்கு இனித் திறக்காமல் போகலாம், உங்கள் பிள்ளைகள் என்னை மாமி என்று கூப்பிடாமல் விடலாம். நீங்கள் இருந்தால் வாயை மூடு என்றிருப்பீர்கள். கேட்கமாட்டேன். உங்கள் மேல் ஒரு பழியும் போடாமல் இரண்டே வசனம் சொல்லுவேன் என்று உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன்: "அண்ணி, நாப்பது நிமிசம் இருந்தது. நான் நல்லாத்தான் நிண்டனான்."

இப்படிக்கு,
உங்கள் ஒரே தங்கச்சி
றெஜினா