தைத்த பக்கங்கள்

கிளை நூலகம், செங்கல்பட்டு
10-2-1974

திருமதி சொர்ணம் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. உங்கள் குப்பத்துப் பள்ளி ஆசிரியர் சாலமோன் சனிக்கிழமைதோறும் செங்கல்பட்டில் உள்ள தன் வீட்டுக்கு வரும்போது பிள்ளைகளுக்காகப் புத்தகம் வாங்கிப் போகிறார் அல்லவா, அதைக் கொடுத்தனுப்பும் நூலகர் நான். உங்கள் மகள் வச்சலாவுக்கென்று போன தீவுக் கதை நேற்றுத் திரும்பி வந்தது. நாற்பத்தொன்றாம் பக்கம் முதல் நாற்பத்தாறு வரை நைலான் நூலால் சேர்த்துத் தைத்திருக்கிறது. "அவங்க அம்மா தச்சதுதான், நீங்களே கேட்டுக்குங்க" என்று ஆசிரியர் நழுவிவிட்டார்.

நூலகப் புத்தகத்தைக் கிழிக்கக் கூடாது, மடிக்கக் கூடாது, அதில் எழுதக் கூடாது என்றெல்லாம் விதி இருக்கிறது. தைக்கக் கூடாது என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருட வேலையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. காரணம் தெரிவிக்கவும். அதுவரை உங்கள் மகளுக்குப் புத்தகம் கொடுப்பதற்கில்லை.

இப்படிக்கு,
தெய்வநாயகி


மாமல்லபுரம் குப்பம்
15-2-1974

மரியாதைக்குரிய அம்மாவுக்கு சொர்ணம் வணக்கத்துடன் எழுதுவது.

தைத்தது நான்தான். தப்புதான். ஆனால் புத்தகத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் அம்மா, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் தணிகைவேல் போன ஐப்பசியில் கட்டுமரத்தில் போனவர் திரும்பவில்லை. மரம் மட்டும் சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒதுங்கியது. உடம்பு கிடைக்கவில்லை. வச்சலாவுக்கு ஒன்பது வயது. அப்பா என்றால் உயிர். சின்னதிலிருந்தே பயந்த சுபாவம் வேறு, கோழி அறுப்பதைப் பார்த்தாலே ஜுரம் வந்துவிடும். அப்பா விசாகப்பட்டினத்தில் லாஞ்சுப் படகில் வேலைக்குப் போயிருக்கிறார், வர நாளாகும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். குப்பத்தில் ஒவ்வொருவரிடமும் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், யாரும் வாய் திறக்கக் கூடாது என்று. அவளுக்காகத்தான் இன்னும் பொட்டு வைத்துக்கொள்கிறேன். ஊர் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவள் இப்போது விளையாடக்கூடப் போவதில்லை. படிப்பது ஒன்றுதான். நீதிக்கதை கொடுத்தால், "இன்னாம்மா இது, ஒண்ணுமே நடக்கல" என்று தூக்கிப் போடுகிறாள். சாகசம் வேண்டுமாம். ஆனால் உங்கள் தீவுக் கதையில் ஒரு மாலுமி கடலில் முழுகிப் போகிறான். நான் எட்டாவது வரை படித்தவள். எதையும் முதலில் நான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் கொடுப்பேன். அந்தப் பக்கங்களைக் கிழிக்க மனசு வரவில்லை, வீட்டில் வலை நூல் இருந்தது, தைத்துவிட்டேன். பூச்சி அரித்த பக்கம் என்று அவளிடம் சொன்னேன்.

விறுவிறுப்பும் இருக்க வேண்டும், பயமும் இருக்கக் கூடாது. அப்படிப் புத்தகம் இருக்கிறதா அம்மா?

சொர்ணம்


செங்கல்பட்டு
17-2-1974

அன்புள்ள சொர்ணம்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். போன வாரம் எழுதியதற்கு வெட்கமாக இருக்கிறது. வயதில் மூத்தவள் என்ற உரிமையில் நீ என்றே எழுதுகிறேன்.

நீ கேட்டது லேசான காரியம் என்று நினைத்துத்தான் அலமாரி முன் போய் நின்றேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் அப்பா அம்மாவைக் கொன்றுவிட்டுத்தான் கதையையே ஆரம்பிக்கிறார்கள். அனாதையாக இருந்தால்தான் பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பும் போலிருக்கிறது! எனக்கு வந்த கோபத்தில் நாலைந்து புத்தகங்களைத் திரும்ப வைக்கும்போது சத்தம் கேட்டு வாசகர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கடைசியில் மூன்று தேறின. ஒன்று, தொலைந்துபோன சர்க்கஸ் யானைக்குட்டியை அக்கா தங்கை இருவர் தேடிப் போவது. இரண்டாவது, மலைக்கோட்டைப் புதையல். அதில் திருடன் உண்டு, ஆனால் தும்மித் தும்மியே மாட்டிக்கொள்கிறான். மூன்றாவதில் ஒரு படகு வருகிறது. பயந்துபோய்க் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன், எல்லாரும் கரை சேர்ந்துவிடுகிறார்கள். நடுவில் புரட்டத்தான் நேரம் இருந்தது. சந்தேகம் வந்தால் ஊசியை எடு. விதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இப்படி எத்தனை நாளைக்கு?

உன் அக்கா,
தெய்வநாயகி


மாமல்லபுரம் குப்பம்
15-3-1974

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். யானைக்குட்டியை நாலு தடவை படித்துவிட்டாள். திருடன் கதையைப் படித்துவிட்டு ஓடி வந்து, "அச்சுன்னு தும்மி மாட்டிக்கினாம்மா" என்று சிரித்தாள். ஐப்பசிக்கு அப்புறம் அவள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

படகுக் கதையில் எழுபதாம் பக்கத்தில் மீன்பிடிக்கப் போன ஒருவர் திரும்பி வருவதில்லை. அதற்கப்புறம் கதையில் யாருமே அவரைப் பற்றிப் பேசுவதில்லை, அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. உலையை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன், சோறு குழைந்துபோயிற்று. நாலு பக்கம் தைத்திருக்கிறேன்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டீர்கள். என் கொழுந்தனாரும் அதையேதான் கேட்கிறார். பங்குனி அமாவாசையில் கடற்கரையில் காரியம் செய்துவிட வேண்டும் என்று நிற்கிறார். செய்தால் வச்சலாவுக்குத் தெரிந்துவிடும். அவள் தாங்க மாட்டாள் அக்கா. அதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை.

சொர்ணம்


செங்கல்பட்டு
17-3-1974

அன்புள்ள சொர்ணம்,

படகுக் கதையின் தையலைப் பிரிக்கலாம் என்று கத்திரியோடு உட்கார்ந்தேன். நூலின் ஒரு முனையில் துணி தைக்கும்போது நாமெல்லாம் போடும் முடிச்சு இருந்தது. மறுமுனையை யாரோ அறுத்து, வேறு நூல் சேர்த்து, வேறு விதமாகக் கட்டியிருக்கிறார்கள். அதை நெகிழ்த்தப் பார்த்ததில் என் நகம்தான் உடைந்தது. சாலமோனிடம் காட்டினேன். "இது வலைக்குப் போடுற முடிச்சாச்சே" என்றார்.

முடிச்சை அப்படியே விட்டு, நூலை நடுவில் வெட்டிப் பிரித்தேன். உள்ளே எழுபதாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், குழந்தைக் கையெழுத்தில், எழுதியிருந்தது: "எங்க அப்பா மாதிரியே. அம்மா பாவம்."

அதை அழிக்க வேண்டியது என் வேலை. அழிக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன், நீயே பார். இதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. வச்சலாவையே கேள், சொர்ணம்.

தெய்வநாயகி


மாமல்லபுரம் குப்பம்
29-3-1974

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் வந்ததும் முடிச்சைத்தான் தொட்டுப் பார்த்தேன். அது அவர் போடும் முடிச்சு. ஒரு நொடி அவரே வந்து கட்டிவிட்டுப் போனது போல இருந்தது. அவர் வலை சரிபார்க்கும்போது இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்த முடிச்சு வராது.

அவளைக் கூப்பிட்டு, யார் சொன்னது என்று கேட்டேன்.

"இஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்மா. மரம் ஒதுங்கின அன்னிக்கே எனக்குத் தெரியும். நீதான் பயந்துகினு கீற. எனக்குத் தெரியும்னு சொன்னா நீ அழுதுகினே கெடப்பேன்னுதான் சொல்லல."

"அப்புறம் இன்னாத்துக்குத் திரும்பத் தச்ச?"

"பிரிஞ்சு கெடந்தா நீ பேஜாராயிடுவியே."

தீவுக் கதையையும் அப்படித்தான் பிரித்துப் படித்துவிட்டுத் தைத்திருக்கிறாள். நான் அவளுக்காகத் தைத்தேன், அவள் எனக்காகத் தைத்திருக்கிறாள். ஐந்து மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறோம் அக்கா.

மறுநாள் மத்தியானம் எழுபதாம் பக்கத்தைச் சேர்ந்து படித்தோம். அவள்தான் சத்தமாக வாசித்தாள். பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்து, "போதுமாம்மா? மீதி நாளைக்குப் படிக்கலாமா?" என்று கேட்டாள். படி என்றேன்.

அமாவாசை அன்று கடற்கரையில் காரியம் முடிந்தது. என் பொட்டை அழிக்கும்போது அவளை வீட்டுக்குள் போகச் சொன்னார்கள். போகவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு ஜுரம் எதுவும் வரவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் அடித்தது. அவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

இனிமேல் ஊசி எடுக்க மாட்டேன். அடுத்த வாரம் இரண்டு புத்தகமாகக் கொடுத்தனுப்புங்கள். ஒன்று அவளுக்கு, விறுவிறுப்பாக இருந்தால் போதும், நீங்கள் பார்த்துப் பார்த்துப் பொறுக்க வேண்டாம். இன்னொன்று எனக்கு. அதில் யாரும் சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

உங்கள் தங்கை,
சொர்ணம்