லெம்பி நடந்த வேகம்

மினசோட்டா, ஜூன் 1974

அன்புள்ள ஆர்வோவுக்கு,

நீ அனுப்பிய ப்ரொஜெக்டர், லெம்பி கோர்ப்பியைப் பார்த்து ஊரே சிரிக்கும்படி செய்துவிட்டது. இதை எழுதிய பிறகுதான் நலம் விசாரிக்க மனம் வருகிறது. நான் நன்றாக இருக்கிறேன், அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் தேவலை, சுரங்கத்துத் தூசி முழுசாக எங்கே போகப்போகிறது, நீயும் லாஸ் ஏஞ்சலீஸில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நம் தொழிலாளர் கூடத்து மச்சில் கிடைத்த படச்சுருளைப் பற்றி உனக்குத் தெரியும், 1927-இல் சுரங்கம் சரிந்து செத்த மூன்று பேரின் இறுதி ஊர்வலம். முதல் பெட்டியில் இருப்பது லெம்பியின் புருஷன் ஓஸ்கர், அதன் பின்னால் கறுப்புத் துணி கட்டி நடப்பவள் லெம்பி. மௌனப் படம், மெதுவாக ஓட்டும் கருவி வேண்டும் என்று உனக்கு எழுதித்தான் கேட்டேன். நீ அனுப்பியது பேசும் படத்துக்கான வேகம் ஒன்றை மட்டுமே அறிந்த கருவி. கூடம் நிறைந்திருந்தது, விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினால் சவப்பெட்டிகள் குதித்துக் குதித்துப் போகின்றன, சுமப்பவர்கள் சூடுபட்டவர்கள் மாதிரி தாவுகிறார்கள், லெம்பி கண்ணைத் துடைப்பது கொசு விரட்டுவது போலத் தெரிகிறது. கம்பெனி ஆபீஸ்காரர்கள் பின்வரிசையில் சிரித்தார்கள், அது போகட்டும், அப்புறம் நம் ஆட்களும் சிரித்தார்கள். நிறுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை, பரிசாக வந்த பொருளைக் குறை சொல்லக் கூடாதாம், நம் ஜனங்களின் இந்த மரியாதையை அடுப்பில்தான் போட வேண்டும். லெம்பி எழுந்தாள், ஏலக்காய் ரொட்டியைத் தொடவில்லை, காபி குடிக்காமல் போய்விட்டாள். நம் கூடத்திலிருந்து ஒருத்தி காபி குடிக்காமல் போனால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். என் ஓஸ்கரை நான் ஓட்டப்பந்தயத்துலயா கொண்டுபோனேன் ஹில்யா, அப்படியாடி நடந்தோம் நாங்க என்று கேட்டாள். அந்தப் பெட்டிகளைச் சுமந்தவர்களின் பெயர் தெரிந்தவள் இப்போது அவள் ஒருத்திதான், செப்டம்பர் நினைவுநாளில் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவராகப் பெயர் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தாள். இனி அந்தப் படம் ஓடும் இடத்தில் காலெடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள். அவள் இதயமும் சரியில்லை, அடுத்த வருஷம் என்று ஒத்திப்போடும் காரியம் இல்லை இது.

கூடத் தலைவர் வைனோவுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. கருவி புதுசும்மா, அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான் விறுவிறுன்னு நடப்பாங்க என்றார். அப்படியானால் உங்க அப்பா பொண்ணு பார்க்க வந்ததும் குதிச்சுக்கிட்டேதானா என்று கேட்டேன். சுருளைத் தூக்கிக்கொண்டு டுலூத் நகரத்துக்குப் போனேன், அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக் கருவியில் மௌனப் படத்துக்கென்று தனி விசை இருந்தது, போட்டால் நடை பாதி சரியாயிற்று, ஆனால் திரை சிமிட்டிச் சிமிட்டித் தலை வலித்தது. வெளிச்சத்தை மறைக்கும் தகடு இரண்டு இதழாக இருப்பதால் அப்படி, மெதுவாக ஓட்ட மூன்று இதழ் வேண்டும் என்றார் அங்கிருந்த வாத்தியார். அதோடு, இதைப் படம் பிடித்தது சாவி கொடுத்து ஓட்டும் கேமரா, அதன் சுருள்வில் தளரத் தளர வேகம் மாறியிருக்கிறது, அதனால் வெறும் விசை போதாது, ஓடும்போதே கூட்டிக் குறைக்கக் குமிழ் இருக்க வேண்டுமாம். மூன்று இதழ் வெளிச்சத்தைத் தின்னும், படம் சின்னதாகவும் மங்கலாகவும்தான் வரும். ஜனங்க எழுந்து போயிடுவாங்க என்று வைனோ அழுகிறார், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டால் தீர்ந்தது. மங்கலாக இருந்தாலும் அவர்கள் மனிதர்கள் மாதிரி நடக்கட்டும்.

அப்படி ஒரு கருவி, படக்கருவிகளை வாடகைக்கு விடும் நீ வேலை பார்க்கும் கடையிலேயே இருக்கிறது. போனில் நீதானே சொன்னாய், அது பெரிய பெரிய படச் சங்கங்களுக்குப் போறதும்மா, ஊர்க்கூடத்துக்கு எதுக்கு அவ்வளவு, பழைய படம்னாலே சிரிப்பாத்தான் இருக்கும் என்று. சொல்லிவிட்டுச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பு என் காதிலேயே நிற்கிறது. நடிகர்கள் காதலித்து ஓடுவதற்குச் சரியான வேகம் வேண்டும், கூலிக்காரன் பிணமாகப் போவதற்கு எந்த வேகமானாலும் போதும், இல்லையா? அந்தச் சுரங்கத்துக் கூலியில் படித்தவன் நீ. இரண்டு கடிதத்தில் தன்மையாகக் கேட்டேன், நீ ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பினாய். ஆரஞ்சு நன்றாகத்தான் இருந்தது.

வெயிலில் அலையாதே, பல் வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, கோபத்தில் எழுதினாலும் உண்டு. நீ அனுப்பிய கருவியைத் துடைத்து அதன் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன், திருப்பி அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
உன் அம்மா ஹில்யா

பி.கு. லெம்பியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. குமிழ் வைத்த அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு செப்டம்பருக்கு முன் நீயே வருகிறாயா இல்லையா, அதை மட்டும் எழுது.