செல்வி கேட்ட கேள்வி

22-6-2004, செவ்வாய்

தையல் ஆலையை மூடியபோது தங்கை செல்விக்குக் கொடுத்த நஷ்டஈட்டையும் சம்பளத்தோடு கூட்டி, வருமான வரிப் படிவத்தை நான்தான் நிரப்பியிருந்தேன். இன்று இருவரும் மழையில் வரி அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தோம். அதிகாரி சொன்ன வரி, அவள் கையில் மிச்சமிருந்த மொத்தப் பணம். பணம் கட்டும் வரிசை எங்கே என்று நான் தேடினேன்.

அவள் விடவில்லை. பர்மியர் வழக்கப்படி அதிகாரியை மரியாதையாக அழைத்துக் கேட்டாள்: "சயா, இது சம்பளமில்ல, வேலை போனதுக்குக் கொடுத்தது. இதுக்கும் வரியா?"

அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நஷ்டஈட்டுத் தொகையைக் கோடு போட்டு அடித்தார். மீதிச் சம்பளத்துக்கு வரியே வரவில்லை.

கிளம்பலாம் என்றேன்.

"நீ போண்ணே. என்னோட தைச்சவங்கல்லாம் வெளிய நிக்கிறாங்க."

மழையில் நின்றபடியே ஒவ்வொருத்தி படிவத்தையும் வாங்கித் திருத்தினாள். இருபது வருஷமாக என் கடைக்கு வரி கட்டுகிறேன், ஒரு கேள்வி கேட்டதில்லை. அவளுக்குக் குடை பிடித்ததுதான் இன்று நான் செய்த உருப்படியான வேலை.