பரீதாவின் பை

ஞாயிறு, இரவு.

இன்று அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு தேவாலய வாசலில் பைகளைச் சோதிக்கிறோம்; இன்று என் முறை. தெரிந்தவர்கள்தானே என்று எல்லோரையும் அப்படியே உள்ளே விட்டேன். மருதமுனையிலிருந்து பரீதா வந்தாள். பதினைந்து வருடமாக என்னோடு படிப்பிக்கிறாள். முஸ்லிம் பெண்கள் அணியும் அந்தக் கறுப்பு அபாயாவைக் கண்டதும் என் கை தானாக அவள் பையை நோக்கி நீண்டது.

"நல்லாப் பாருங்க டீச்சர்" என்று அவளே பையைத் திறந்தாள். உள்ளே ஒரு மெழுகுதிரிப் பெட்டி. "உங்கட அம்மாக்குத்தான்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நேரே முன்னே போய், 'ஆண்டவரே, எனக்குப் புதிய இதயம் தாரும், அயலாரை நம்பி நேசிக்கப் பழக்கும்' என்று மன்றாட்டு வாசித்தேன். குரல் நடுங்கவே இல்லை. அழகாக வாசித்தேன் என்று பூசை வைத்த சுவாமி பாராட்டினார்.

பெட்டி மேசையில் கிடக்கிறது. செபம் சொல்லவில்லை. இப்போதும் அழகாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.