பதினெட்டுப் பொருளும் பாதி வேப்பங்குச்சியும்

வானம் தொட்டு நிற்கும் ஏழு முடிகளுக்கும் அவற்றினின்று இறங்கும் மூன்று ஆறுகளுக்கும் உரிய கருவரை நாட்டு வேந்தராகிய நாம், நமது பண்டாரசாலைத் தலைவரும் பொருள்களின் எண்ணிக்கையை என்றும் மறவாதவருமான அம்பர் கொற்றனாருக்கு விடுக்கும் ஓலை. நும் மனையில் நெல்லும், நும் சாலையில் பூட்டும், நும் முழங்காலில் வலிமையும் நிலைத்திருக்க. மூன்றாம் வாழ்த்தின் காரணம் இறுதியில் விளங்கும்.

தூதன் இளநாகன் அரச விதானத்தைக் கத்தரித்தான், ஏனைப் பொருள்களை வழியில் இறக்கிவைத்தான், ஆதலால் அவன் கையின் கட்டைவிரலைக் களைதல் வேண்டும் என்று விண்ணப்பித்திருந்தீர். ஆராய்ந்தோம்.

தூதன் வேந்தனின் நிழல். வேந்தன் உறங்குவதுபோலவே அவனும் உறங்கவேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. அதன்படி வெண்கல விளக்கு, மும்மடிப் பட்டு விதானம், அதற்கு நான்கு தேக்குக் கால்கள், சந்தனம் அரைக்கும் கல் முதலாகப் பதினெட்டுப் பொருள்களையும் அவன் தன் முதுகிலேயே சுமக்கிறான். அம்முன்னோர் சமவெளியில் வாழ்ந்தவர்கள் என்பதை இதுவரை எவரும் நமக்கு நினைவூட்டவில்லை.

சென்ற திங்கள் கணவாய்க் கோட்டையில் அறுபது வீரர் காய்ச்சலில் கிடந்தனர். மருந்து மூட்டையோடு முதலில் சென்ற தூதன் மூன்றாம் வளைவில் முழங்கால் மடங்கித் திரும்பினான். விளக்கு நலமாகத் திரும்பியது என்று நீர் எழுதிவைத்தீர். அடுத்துச் சென்ற இளநாகனோ மலையடிவாரத்தில் ஒரு பகல் அமர்ந்து, விதானத்தின் ஒரு மடிப்பை மட்டும் பிரித்துத் தேன்மெழுகு பூசிக் கூடாரமாகத் தைத்தான். ஊன்றிச் செல்லும் தடியே அதற்குக் காலாயிற்று. கற்றாழை நாரில் பையொன்று பின்னினான். வெண்கலக் குவளைக்கு ஈடாகச் சிரட்டை கொண்டான். பல் துலக்கும் வேப்பங்குச்சியையும் பாதியாக ஒடித்தான். எஞ்சிய அனைத்தையும் அடிவாரச் சாவடியில் வைத்துவிட்டு மருந்தோடு ஏறினான். எதிர்ப்பட்ட சுமைகாரர், இவன் அரண்மனைத் தூதனா, கோவணமும் தொலைத்த ஆண்டியா என்று நகைத்ததாகவும், இரண்டும் நானே, வழியை விடுங்கள் அண்ணன்மாரே என்று அவன் விடையிறுத்ததாகவும் அறிகிறோம்.

ஐந்தாம் நாள் கோட்டையை அடைந்தான். ஐம்பத்தெண்மர் பிழைத்தனர். இருவர் அவன் வருமுன்னரே, முதல் தூதன் வருவான் என்று வழிபார்த்தபடி இறந்திருந்தனர்.

அக்கூடாரத்தை நந்தவனத்தில் கட்டுவித்து, பெய்யும் மழையில் நாமே படுத்துப் பார்த்தோம். கால்கள் வெளியே நீண்டன. ஆயினும் ஒரு துளி உள்ளே வரவில்லை. நமது பள்ளியறையைக் குறித்து அவ்வாறு சொல்வதற்கில்லை.

எனினும் முறை முறையே. கணவாய்ப் பயணத்தில் நிகழ்ந்த குற்றத்துக்குக் கோட்டை வாயிலில்தான் தண்டனை. குற்றம் சாட்டியவரே நேரில் சென்று நிறைவேற்றுதல் வேண்டும். நமது ஆணையோடு செல்பவர் நம் தூதர் ஆதலால், பதினெட்டுப் பொருளும் நும் முதுகில் ஏறும். யானை இல்லை, கூலியாள் இல்லை. பதினெட்டும் குறைவின்றி வாயிலில் வைக்கப்படுமாயின் நீர் கேட்ட விரல் நுமக்கு. ஒன்றையேனும் வழியில் இறக்கிவைப்பீராயின் நீரும் அக்குற்றமே புரிந்தவர் ஆவீர். அன்று எவர் விரலும் களையப்படாது, களையப்படுவது பதினெட்டையும் சுமக்கும் அந்த முறையே.

இளநாகன் வழிகாட்டியாக முன்னே நடப்பான். ஒவ்வொரு வளைவிலும் நுமக்காகக் காத்திருக்குமாறு பணித்துள்ளோம். நும் அளவுக்கு ஒரு பையும் பின்னி வைத்திருக்கிறான். கேட்டால் தருவான், கேட்காமல் தரமாட்டான்.

நாளைக் காலை புறப்படுக. சந்தனக்கல்லை மறவற்க.

இது நம் ஆணை. சுமை குறையும்பொருட்டு ஓலையின் ஓரங்கள் நறுக்கப்பட்டு, கவரிமான் முத்திரை அரைப்பங்கு மெழுகில் இடப்பட்டது.