கிளட்சைத் தேடிய கால்

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் தினம் ஒரு சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் சுகம்தானே, அவனுக்கு இருமல் நின்றதா. இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே என்பாய். போனில் எனக்கு "சாப்பிட்டியா"வுக்கு மேல் பேச்சு வருவதில்லை, அதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

பழைய காரைக் கொடுத்துவிட்டோம். கதவைக் கயிற்றால் கட்டி எத்தனை நாள் ஓட்டுவது. அதற்குப் பதில் மின்சாரத்தில் ஓடும் ஒரு குட்டிக் கார் வந்திருக்கிறது. பின்கதவைத் தூக்கினால் இரண்டு பைகளுக்கு மேல் இடமில்லை, ஆனால் நம் சந்தில் ஒரே திருப்பில் திரும்பிவிடுகிறது, தள்ளுவண்டி நிற்கிற இடத்தில் நின்றுவிடுகிறது. வாசல் சுவரில் பிளக் வைத்து சார்ஜ் போடுகிறோம், அம்மா தினமும் "அதுக்குச் சாப்பாடு போட்டாச்சா" என்று கேட்கிறாள். சத்தமே இல்லாத வண்டி, அதுதான் எனக்கு ஒட்டவில்லை. பழைய காரில், ஐந்து வயதில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, கியர் கம்பியின்மேல் என் கைக்கு அடியில் உன் கையை வைத்துக்கொள்வாய். எஞ்சின் உறுமுவதைக் கேட்டே, நான் கிளட்சை மிதிக்கும் முன்பே, "அப்பா, ரெண்டு, அப்பா, மூணு" என்பாய். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பஸ் டிப்போவில் ஒருவர் விடாமல் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். இப்போதும் சந்து முனையில் திரும்பும்போது கை தானாகப் போய்த் தேடுகிறது, அங்கே கியரும் இல்லை, உன் கையும் இல்லை. அம்மா பார்த்துவிட்டால் தூசி தட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் நடந்ததைக் கேள். இந்த வண்டியில் கிளட்ச் கிடையாது. ஓட ஒன்று, நிற்க ஒன்று, இரண்டே பெடல், இரண்டுக்கும் வலது கால் போதும். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தேன். மருந்துக்கடைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன், என் இடது கால் அதன் பாட்டுக்கு, கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. இறங்குவதற்காக அப்போதுதான் பெல்ட்டைக் கழற்றிய அம்மாவுக்கு நெற்றியில் கோலிக்குண்டு அளவு வீக்கம். பயப்படாதே, வற்றிவிட்டது. பின்னால் வந்தவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை, கால் கேட்கவில்லை. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "மெதுவா எடுங்க, யாரு இப்ப விரட்டுறா" என்றாள், அவ்வளவுதான். இப்போதெல்லாம் இடது செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காலைச் சீட்டோடு ஒட்டி இழுத்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன், அம்மா சிரிக்கிறாள்.

'மெதுவா எடு' என்ற அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு உனக்கு நான் சொல்லவில்லையே. உன் பத்தொன்பது வயதில், மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற ரோட்டில் பழைய வண்டியை உன் கையில் கொடுத்தேன். நாலு தடவை அணைந்துபோயிற்று. "தெரியுதுப்பா, கால்தான் கேக்க மாட்டேங்குது" என்றாய். நான் காதில் வாங்கவே இல்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன், "உனக்கு இதெல்லாம் வராது, இறங்கு" என்றேன். நீ இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, வீடு வரைக்கும் நடந்தே வந்தாய். ஓங்கி அறைந்து சாத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அதற்குப் பிறகு நீயும் கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை.

இப்போது அம்மா சொல்கிறாள், நடக்க முடியாதவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கை கால் பயிற்சி கொடுக்கிற வேலை, நீ இத்தனை வருஷம் ஆசைப்பட்டது, தேடி வந்திருக்கிறதாம். இதே மாதிரி ஒரு சின்ன மின்சார வண்டியும் தருகிறார்களாம். நீ "எனக்கு வண்டி ஓட்ட வராது" என்று மறுத்து எழுதப் போகிறாயாம். அந்த வார்த்தை உன்னுடையது இல்லை, நான் கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு கியர் சொன்ன பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொன்னேனே. தப்பு என்மேல்தான், கண்ணு. மன்னித்துக்கொள். உனக்கு என்னைப் போல மறக்க வேண்டிய பழக்கம்கூட இல்லை, சீக்கிரம் வந்துவிடும். பொறுமையாகச் சொல்லித் தருகிற ஆளாகப் பார், பஸ் டிரைவர் மட்டும் வேண்டாம்.

சின்னவனுக்கு என் முத்தம், மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதாகவே அமைய வேண்டும், மூன்று பேரும் நிறைவாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, மாதக் கடைசிக்குள் அந்த வேலைக்குச் சரி என்று எழுதிப் போடு. ஏற்கெனவே மறுத்து எழுதிவிட்டாய் என்றாலும் வெட்கப்படாதே. "எங்கள் அப்பா சொன்னது தப்பு" என்று அவர்களுக்கு இன்னொரு கடிதம் எழுது, கீழே கையெழுத்து நான் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா