பலூனுக்குப் போன ஹீலியம்

புரட்டாசி, வெள்ளி இரவு.

தலைவலியில் துடிக்கிற என் மனைவிக்கு ஸ்கேன் எடுக்கத் தஞ்சாவூர் போனோம். எடுக்கவில்லை. மிஷினைக் குளிரவைக்கிற ஹீலியம் வாயுவுக்குத் தட்டுப்பாடாம். எப்போது வரும் என்று தெரியாதாம்.

திரும்பினால் எங்கள் தெருவில் கட்சிக் கூட்டம். மகன்தான் கிளைச் செயலாளர். தலைவர் வரும்போது பறக்கவிட பலூன்களுக்குக் கேஸ் அடைத்துக்கொண்டிருந்தவரிடம் சிலிண்டரில் என்ன கேஸ் என்று கேட்டேன்.

"ஹீலியம்ங்க."

மகனைத் தனியே கூப்பிட்டேன். "ஒரு சிலிண்டரை ஆஸ்பத்திரியில குடுத்துடுடா. அம்மாவுக்குப் படம் எடுத்துடுவாங்க."

"இது அந்த மிஷினுக்கு ஆகாதுப்பா. நிலத்துக்காகப் போராடி ஜெயிலுக்குப் போன ஆளு, இப்ப பலூனுக்குப் போராட வந்துட்டியா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

தலைவர் வந்ததும் அத்தனை பலூனையும் பறக்கவிட்டார்கள். நடவு வயலுக்கு மேலே போய் மறைந்தன. தலையைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்து பார்த்தாள் அவள்.

"அழகாத்தான் போவுது. நாம மறுபடி எப்பங்க போறது?"

"கூப்பிடுவாங்க" என்றேன்.

மாத்திரை போட்டும் அவள் இன்னும் தூங்கவில்லை.